பார்க்கப் பார்க்கப் பொங்கிய மாவு

ஊருணித் தெருவில் ரேணுகாவின் மாவு பொங்கத் தொடங்கியது ஆடி மாதம் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்கால் மணிக்கு. அப்போது தெருவில், மாவு விற்கிற வீடு நீங்கலாக, வீடுகள் அறுபத்தேழு. அவற்றில் நாற்பத்து மூன்று வீடுகள் தினமும் விடியலில் முத்துப்பேச்சியிடம் தூக்குவாளி நீட்டி இட்லி மாவு வாங்கின, ஒன்பது வீடுகள் ரேணுகாவிடம் வாங்கின, மீதிப் பதினைந்து வீடுகள் தாங்களே அரைத்துக்கொண்டன. இந்தக் கணக்கை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்ததெல்லாம் இந்தக் கணக்கு கலைந்ததால் நடந்தது.

முத்துப்பேச்சியும் ரேணுகாவும் அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். ஒரே வீட்டின் பின்கட்டில் நெஞ்சளவு உயரத்துக்கு ஒரு சுவர் எழுப்பி, கிழக்குப் பாதியை மூத்தவளும் மேற்குப் பாதியை இளையவளும் வைத்துக்கொண்டார்கள். மூத்தவளின் புருஷன் பால்ச்சாமி ரேஷன் கடையில் மூட்டை தூக்கி, முதுகு பிடித்துக்கொண்டு, வீட்டோடு இருந்தார். இளையவளின் புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான், தீபாவளிக்கும் குலசாமி கோயில் மாசிக் களரிக்கும் வந்துபோனான். முத்துப்பேச்சிக்குப் பிள்ளை இல்லை. வாயும் அதிகமில்லை. விருந்துக்கோ விசேஷத்துக்கோ போனால் தூணோரம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு முதல் பந்தியோடு திரும்பிவிடுவாள். அவளைத் தேடி அவள் வாசலுக்கு வருகிற மனிதர்கள் என்றால் அந்த நாற்பத்து மூன்று தூக்குவாளிக்காரர்கள்தான். இருபத்து நாலு வருஷமாக அவர்கள் வந்து நின்று, ‘பேச்சியக்கா, நேத்து இட்லி பஞ்சு’ என்று சொல்லிப்போன சொல்லில்தான் அவள் ஒவ்வொரு நாளையும் நடத்தினாள். தூக்குவாளி பத்துக்குக் கீழே இறங்கினால் கிரைண்டரைக் கழுவித் துடைத்து விற்றுவிடுவேன் என்று அவள் ஒருமுறை பால்ச்சாமியிடம் சொல்லியிருந்தாள். சொன்னதைச் செய்கிற பெண்பிள்ளை அவள்.

மகளிர் குழுக் கூட்டத்தில் யாரோ வந்து, சின்னத் தொழில் செய்கிறவர்கள் செல்போனில் வீடியோ போட்டால் வியாபாரம் பெருகும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். கேட்டுக்கொண்டிருந்த இருபத்தாறு பெண்களில் இருபத்தைந்து பேர் காப்பி குடித்துவிட்டு எழுந்து போனார்கள். ரேணுகா வீட்டுக்கு வந்து, மிளகாய்ப்பொடி டப்பா மேல் போனைச் சாய்த்துவைத்து, அண்டாவில் அரைத்துவைத்திருந்த மாவில் முழங்கை வரை விட்டுக் கலக்கி, கலக்கக் கலக்க, ‘கையால கலக்குங்க மக்களே, கைச்சூடு பட்டாத்தான் மாவுக்கு உசுரு’ என்று சொல்லி, நாற்பது வினாடி எடுத்துப் போட்டாள். முகம் தெரியவில்லை. கையும் வளையலும் மாவும் மட்டும்தான். முகத்தைக் காட்டினால் திருப்பூர்க்காரன் சண்டைக்கு வருவான் என்ற பயம்.

பத்தே முக்காலுக்கு முதல் ஆள் பார்த்தார். மாவில் ஒரு குமிழ் எழுந்தது. இரண்டாவது ஆள் பார்த்தார், இரண்டாவது குமிழ். பதினொரு மணிக்குள் முந்நூறு பேர் பார்த்துவிட்டார்கள், முந்நூறு குமிழ் எழுந்து மாவு ஒரு விரற்கடை ஏறிற்று. விடிய விடியப் பொங்கவேண்டிய மாவு மத்தியானத்துக்குள் அண்டாவின் விளிம்பைத் தொட்டு, வழிந்து, முற்றத்துத் துளசிமாடம் வரை வந்து நின்றது. ரேணுகா வழித்து இன்னொரு அண்டாவில் போட்டாள். போட்ட இடம் நிரம்பிற்று. பக்கத்து வீட்டு வெள்ளத்தாய் எட்டிப்பார்த்து, “ஏ ரேணுகா, என்னடி மாவு இப்படிப் பொங்குது?” என்றாள். ரேணுகா, “எல்லாரும் பாக்குறாகல்ல பெரியம்மா” என்றாள். “அதுசரி” என்று சொல்லிவிட்டு வெள்ளத்தாய் தன் வீட்டுக் குண்டானை எடுத்துவரப் போனாள். மாவு ஏன் பொங்குகிறது என்று அதற்குமேல் தெருவில் யாரும் கேட்கவில்லை. எவ்வளவு பொங்குகிறது, எப்போது பொங்குகிறது, புளிக்குமா புளிக்காதா என்பதுதான் கேள்வி. புளிக்கவில்லை.

ஒரு வாரத்துக்குள் தெரு அந்த மாவுக்குப் பழகிவிட்டது. ஓய்வுபெற்ற சர்வேயர் சங்கிலிச்சாமி அளவு நாடாவோடு வந்து அண்டாவின் உட்புறத்தில் கோடு கிழித்து, முந்நூறு பார்வைக்கு ஒரு விரற்கடை, முன்னே பின்னே ஒரு நூல் என்று எழுதிக் கொடுத்தார். மலேசியாவில் நமக்கு முன்னால் விடிவதால் அதிகாலை ஐந்து மணிக்கு ஒரு பொங்கல் உண்டு, அது மலேசியா மாவு, இட்லிக்கு நல்லது. ஒன்பது மணிக்குமேல் துபாய் மாவு, அது தோசைக்கு. பொழுது சாயும்போது அமெரிக்காவில் எழுந்து பார்க்கிறார்கள், அந்த மாவில் கொஞ்சம் ஃபிரிட்ஜ் குளிர்ச்சி இருக்கும், பணியாரத்துக்குத்தான் சரிப்படும். தெருவில் பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்களுக்கு அமெரிக்கா மாவில் இட்லி வைத்துவிட்டார்கள் என்று இரண்டு வீடுகளுக்குள் மனத்தாங்கல்கூட வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டில் கடைசி ஆட்டம். உலகத்துத் தமிழர்கள் அத்தனை பேரும் அதைப் பார்க்கப் போய்விட்டார்கள். மாவு ஆறு விரற்கடை இறங்கி அண்டாவின் அடியில் படுத்துக்கொண்டது. தெரு முழுக்க ரவை உப்புமா கிண்டி, விளையாடுகிறவர்களைத் திட்டிக்கொண்டே தின்றது. மிஞ்சிய மாவில் எறும்பு வராமலிருக்க வாசலில் மஞ்சள் கோடு போட்டார்கள். வழிந்த மாவில் தலையை விட்ட மாடுகள் கொம்பு வெளுத்து அலைந்தன. சொந்தமாக அரைத்துக்கொண்டிருந்த பதினைந்து வீடுகளும், இனி என்னத்துக்கு என்று தங்கள் கிரைண்டர்களைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டன.

முத்துப்பேச்சியின் தூக்குவாளி நாற்பத்து மூன்று முப்பத்தொன்றாயிற்று. பிறகு பதினெட்டு. ஆவணி பிறந்தபோது பதினொன்று.

அவள் சுவரோரம் நின்று பார்த்தாள். முதலில் துணி உலர்த்தும்போது பார்த்தாள், பிறகு துணி இல்லாமலே பார்த்தாள். அரிசி களைந்துகொண்டே பார்த்தாள், உளுந்து ஊறுகிற நேரத்தில் பார்த்தாள், கிரைண்டர் ஓடும்போது அதற்கு முதுகைக் காட்டி நின்று பார்த்தாள். ரேணுகாவின் கையைப் பார்த்தாள், அந்தக் கையில் அசைகிற வளையலைப் பார்த்தாள், அந்த வளையல் எண்ணிக்கை நாலிலிருந்து எட்டானதைப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பெண்கள் சிரித்தபோது என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று காதை வைத்துக் கேட்டாள். ஒன்றும் பெரிதாக இல்லை, யார் வீட்டுப் பூனையோ அண்டாவில் விழுந்த கதை. அந்தக் கதையைத் தன்னிடம் யாரும் சொல்லவில்லையே என்று அவளுக்கு நெஞ்சு காந்திற்று. அந்த நாட்களில்தான் அவளுடைய மாவு ஒரு விரற்கடை குறைவாகப் பொங்க ஆரம்பித்தது. அரிசி மாறவில்லை, உளுந்து மாறவில்லை, நாலுக்கு ஒன்று என்ற அளவு மாறவில்லை. தண்ணீர் லாரிக்காரன் ஏமாற்றுகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

“நாமளும் ஒரு வீடியோ போடுவோமே” என்றார் பால்ச்சாமி.

“போடத் தெரியுமா உங்களுக்கு?”

“அவ போடுறா, நமக்கென்ன?”

அவர் எடுத்தார். அவருடைய கட்டைவிரல் பாதிப் படத்தை மறைத்தது. முத்துப்பேச்சி ஒரு வார்த்தை பேசவில்லை, வெட்கம். நடுவில் ஒரு தடவை, “எடுத்தது போதுமா?” என்று மட்டும் கேட்டது பதிவாகியிருந்தது. ஒரு பகல் ஓய்ந்தபோது பார்த்தவர்கள் ஏழு பேர். அவர்களில் மூன்று பேர், ‘ரேணுகா அக்கா மாவு கடை இதுதானா?’ என்று எழுதிக் கேட்டிருந்தார்கள். மாவில் ஏழு குமிழ் எழுந்தது. ஏழையும் அவள் எண்ணினாள், எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஒன்று உடைந்துபோயிற்று.

அன்று மதியம் பால்ச்சாமியின் வேட்டி முனையில் மாவுக் கறை இருந்தது, அவர்கள் வீட்டில் அன்றைக்குத் தோசை சுடவில்லை.

“எங்க தின்னீங்க?”

“சும்மா ருசி பாக்கத்தான்டி. தம்பி பொண்டாட்டி கூப்புட்டுக் குடுக்கும்போது வேண்டாம்னா நல்லாருக்குமா?”

“எத்தன?”

“ரெண்டு.”

“எத்தன?”

“அஞ்சு” என்றார் பால்ச்சாமி.

அதற்கு மறுநாள் அவளுக்கு அந்த யோசனை வந்தது. வந்த யோசனை கெட்டது என்று அவளுக்குத் தெரியும், ஆனால் பார்வைக்கு அது நல்ல காரியம், தெரு முழுக்கப் பாராட்டுகிற காரியம். கண்ணேறு கழிப்பது. எங்கள் பக்கத்தில் அதைக் கண்டவர்கள் செய்துவிட முடியாது. உறவில் மூத்தவள்தான் இளையவளுக்குச் சுற்றிப்போட வேண்டும், மூத்தவள் இருக்கும்போது வேறொருத்தி சுற்றினால் அது பலிக்காது. ரேணுகாவுக்குத் தாய் இல்லை, மாமியார் இல்லை, மூத்தவள் என்று முத்துப்பேச்சி ஒருத்திதான். இத்தனை லட்சம் கண்ணையும் உப்பிலும் மிளகாயிலும் வாங்கி நெருப்பில் போட்டுவிட்டால், மாவு எதைக் கொண்டு பொங்கும்?

சுவருக்கு மேலாகக் கூப்பிட்டாள். “ரேணுகா. இவ்வளவு கண்ணு படுதே, ஒரு தடவ சுத்திப்போட வேண்டாமா?”

ரேணுகா மாவுக் கையோடு அப்படியே நின்றாள். அவள் கண் கலங்கிவிட்டது. “அக்கா, எல்லாரும் வாங்கிட்டுப் போறாகளே தவிர இத ஒருத்தர் சொல்லலக்கா. நீங்க ஒருத்திதான் சொன்னீக. எனக்கு ரெண்டு நாளா தல வேற வலிக்குது.”

“ஞாயித்துக்கெழம வெளக்கு வெக்கிற நேரத்துக்கு வாரேன்” என்றாள் முத்துப்பேச்சி. ரேணுகா அழுததைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வரவில்லை, அழும்போதும் அவள் பார்க்க நன்றாக இருக்கிறாளே என்றுதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்தியில் ரேணுகா கிழக்கே பார்த்து அண்டாவை ஒட்டி மணையில் உட்கார்ந்தாள். போன் மடியில் இருந்தது, அதில் அப்போதைய கணக்கு நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். வாசலில் வெள்ளத்தாயும், சங்கிலிச்சாமியும், இன்னும் பத்திருபது பேரும் நின்றார்கள். முத்துப்பேச்சி ஒரு தட்டில் கல்லுப்பும், காய்ந்த மிளகாய் ஒன்பதும், கடுகும், முச்சந்தி மண்ணும் எடுத்துக்கொண்டு, வலமாக மூன்று தடவை, இடமாக மூன்று தடவை, ஆளையும் அண்டாவையும் சேர்த்துச் சுற்றினாள். சுற்றும்போது வாயால் கண்களை எல்லாம் பேர் சொல்லி வாங்க வேண்டும். ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு என்று தொடங்கி, வாங்கினவுக கண்ணு, வாங்காதவுக கண்ணு, மலேசியாக் கண்ணு, துபாய்க் கண்ணு, அமெரிக்காக் கண்ணு, பாத்துட்டுப் பேசாமப் போனவுக கண்ணு, பாத்து ஹார்ட்டு போட்டவுக கண்ணு என்று அவள் ஒன்றையும் விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். இத்தனை வார்த்தை அவள் சேர்த்துப் பேசி எங்கள் தெரு கேட்டதில்லை. கடைசியாக, சுற்றிப்போடுகிறவள் ‘என் கண்ணும் எல்லாக் கண்ணும்’ என்று சொல்லி முடிப்பதுதான் முறை. அந்த இடத்துக்கு வந்தபோது அவள் நாக்கு புரளவில்லை. மற்றவர்கள் கண்ணை வாங்குவது எளிதாக இருந்தது. தன் கண்ணை எடுத்து நெருப்பில் போட அவளுக்கு மனமில்லை, ரேணுகாவைப் பார்க்காமல் அவள் எதைப் பார்ப்பாள்? ‘எல்லாக் கண்ணும்’ என்று வேகமாகச் சொல்லி, ரேணுகாவை மூன்று தடவை துப்பச் சொல்லி, அடுப்பில் கொட்டினாள்.

ஒன்பது மிளகாய் கருகியும் ஒருவருக்கும் இருமல் வரவில்லை. கமறல் இல்லை, நெடி இல்லை. “ஆத்தாடி, எவ்வளவு கண்ணு” என்றாள் வெள்ளத்தாய். மாவு பெருமூச்சு விட்டதுபோல் ஒரு சத்தம் போட்டு அண்டாவின் அடிக்குப் போனது. ரேணுகா போனைத் தூக்கிப் பார்த்தாள். நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துக்கு மேலிருந்த கணக்கு அழிந்து, அந்த இடத்தில் ஒன்று என்றிருந்தது.

மறுநாள் விடியலில் முத்துப்பேச்சியின் வாசலில் அறுபத்தேழு தூக்குவாளிகள் வரிசையில் நின்றன. சொந்த கிரைண்டரை இரும்புக்குப் போட்ட பதினைந்து வீடுகளும் அதில் அடக்கம். அவள் ஆயுசில் அவ்வளவு தூக்குவாளி பார்த்ததில்லை. குனிந்து ஊற்றிக்கொண்டே அவர்கள் பேசுவதைக் கேட்டாள்.

“பாவம் ரேணுகா.”

“நல்லா இருந்த பிள்ள. எவன் கண்ணு பட்டுச்சோ.”

“நேத்து ராத்திரி சாப்புடலயாம். நான் கொஞ்சம் ரசம் குடுத்துட்டு வந்தேன்.”

“ரசமா? நான் மீன் கொழம்பே குடுத்தேன்.”

அறுபத்தேழு தூக்குவாளியும் அவளிடம் வந்தன, அறுபத்தேழு வாயும் ரேணுகாவையே பேசின. முத்துப்பேச்சிக்கு அந்த மீன் குழம்பின்மேல் பொறாமையாக இருந்தது. தனக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் படுத்தபோது ஒரு வீட்டுக் குழம்பும் வரவில்லை என்பதை நினைத்தாள். கூட்டம் கலைந்ததும் சுவரோரம் போய் நின்று, சாப்பிடாத ரேணுகா எப்படி இருக்கிறாள் என்று பார்த்தாள்.

முத்துப்பேச்சியின் மாவோ பொங்கவில்லை. முதல் நாள் தட்டையான இட்லியைத் தெரு பொறுத்துக்கொண்டது. இரண்டாம் நாள் முணுமுணுத்தது. மூன்றாம் நாள் வெள்ளத்தாய் தன் வீட்டு இட்லி ஒன்றை முந்தானையில் முடிந்து எடுத்துவந்து வாசற்படியில் போட்டாள். அது டக்கென்று சத்தம் கொடுத்தது.

“பேச்சி, இது இட்லியா, செருப்பு தைக்கிறவன் வெக்கிற கல்லா? எங்க வீட்டு மனுசன் பல்லு ஆடுதுங்கிறாரு.”

“தண்ணி சரியில்ல பெரியம்மா” என்றாள் முத்துப்பேச்சி, தரையைப் பார்த்துக்கொண்டு.

“ரேணுகாவும் அதே தண்ணிதான. அங்க போயிப் பாரு, திரும்பப் பொங்குது. நாளைக்கும் உன் மாவு இப்படித்தான்னா சொல்லிப்புட்டேன், எங்க பத்து வீட்டுத் தூக்கும் அங்கிட்டுத்தான். பத்து என்ன, எல்லாமும்.”

அது உண்மைதான். ரேணுகாவின் போனில் கணக்கு ஒன்றுதான், ஒரே ஒருவர்தான் பார்த்தார், ஆனால் அந்த ஒருவர் விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரை கண்ணை எடுக்கவே இல்லை. சங்கிலிச்சாமி நாடாவைப் போட்டு அளந்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி அளந்தார். “நாலு லட்சம் பேரு பாத்தப்ப ஏறுனதுல முக்கால்வாசி இந்த ஒத்தக் கண்ணுலயே ஏறிருக்கும்மா. இது யாரோ உன்மேல உசுரயே வெச்சவுக” என்றார். ரேணுகா அன்று முதல் தடவையாகச் சாப்பிட்டாள். சுவருக்கு மேலாக எட்டி, “அக்கா, கேட்டீகளா, எல்லாரும் போனப்பறமும் ஒருத்தர் போகாம இருக்காகளாம். பேரு தெரியல, ஊரு தெரியல. அவுகளுக்காவது அரைக்கணும்னுதான் இன்னைக்கு ஒரு படி போட்டேன்” என்றாள்.

சுற்றிப்போட்டபோது எந்தக் கண்ணை எடுக்காமல் விட்டாள் என்பது உலகத்தில் முத்துப்பேச்சி ஒருத்திக்குத்தான் தெரியும். இருபத்து நாலு வருஷம் தன் மாவு பொங்கியது எதனால் என்பதும் அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு நாளும் மூடியைத் திறந்து திறந்து, பிள்ளை முகத்தைப் பார்ப்பதுபோல் அவள்தான் அதைப் பார்த்திருக்கிறாள். இந்த ஐம்பது நாளாக அவள் மாவை யாருமே பார்க்கவில்லை.

அன்றைக்கு மதியம் அவள் ஒரு பரீட்சை செய்தாள். சுவருக்கு முதுகைக் காட்டி, தன் அண்டாவுக்கு எதிரே உட்கார்ந்து, நூறு எண்ணுகிற வரை திரும்புவதில்லை என்று எண்ணத் தொடங்கினாள். நாற்பதில் மாவில் ஒரு சிறு அசைவு தெரிந்தது. ஐம்பத்தைந்தில் ஒரு குமிழ் கட்டிற்று. அறுபத்தொன்றில் சுவருக்கு அந்தப் பக்கம் ரேணுகா யாருடனோ போனில் சிரித்தாள். முத்துப்பேச்சி திரும்பிவிட்டாள். மறுபடி உட்கார்ந்தாள், இந்தத் தடவை முப்பத்து நாலு வரைதான் முடிந்தது. மூன்றாவது தடவை எண்ணவே தொடங்கவில்லை.

நாளைக்கு அறுபத்தேழும் போய்விடும். பத்துக்குக் கீழே என்ன, ஒன்றுகூட மிஞ்சாது. ஆடி கரைந்து, ஆவணியும் கரையப்போகிற புதன்கிழமை அது. விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் தட்டில் உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் போகாமல், தெருவழியாகச் சுற்றி ரேணுகாவின் வாசலுக்கு வந்து நின்றாள். பத்து வருஷத்தில் அவள் அந்த வாசலை மிதித்தது அது மூன்றாவது தடவை.

“என்னக்கா, இன்னொருக்காவா?”

“போன தடவ ஒரு கண்ணு விட்டுப்போச்சு.”

ரேணுகா சட்டென்று அண்டாவை மறைத்து நின்றாள். “அந்த ஒருத்தரையா? வேண்டாங்க்கா. நாலு லட்சமும் போயிருச்சு, நான் ஒண்ணும் சொல்லலயே. அந்த ஒத்தக் கண்ணு எனக்குத் தொணைக்கா. எடுத்துராதீக.”

“தொண இல்ல அது.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

முத்துப்பேச்சி தட்டிலிருந்த மிளகாயை எண்ணினாள். ஒன்பது இருந்தது. மறுபடி எண்ணினாள். “அது என் கண்ணு” என்றாள்.

ரேணுகா முதலில் சிரித்தாள். “உங்களுக்குப் போனத் தொறக்கவே தெரியாதேக்கா.”

“சொவத்துக்கு மேல பாத்தேன்.”

“என்னைக்குப் பாத்தீக?”

“அம்பத்தோரு நாளாப் பாக்கேன்.”

ரேணுகாவின் சிரிப்பு நின்றது. அவள் மணையைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், மூத்தவளின் முகத்தைப் பார்த்தாள். “அப்ப அன்னைக்குச் சுத்திப்போட்டது?”

“நீ நல்லா இருக்கணும்னு போடல.”

“நான் அழுதேனேக்கா. உங்க முன்னாடி உக்காந்து அழுதேனே.”

“ஆமா. பாத்தேன்.”

தெருவில் யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள். ரேணுகா காலால் மணையை இழுத்து, கிழக்கே பார்த்து, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். “சுத்துங்க. இந்தத் தடவ மிச்சம் வெக்காம எடுங்க. நாளைக்கு ஒண்ணுலேருந்து நான் ஆரம்பிச்சுக்கிறேன். எனக்கு உங்க கண்ணு வேண்டாம்.”

முத்துப்பேச்சி வலமாக மூன்று தடவை சுற்றினாள், இடமாக மூன்று தடவை சுற்றினாள். பேர் சொல்ல ஒரு கண்தான் இருந்தது. என் கண்ணு, என் கண்ணு, என் கண்ணு என்று ஆறு சுற்றுக்கும் அதையே சொன்னாள். துணி உலர்த்தும்போது பாத்த கண்ணு, உளுந்து ஊறும்போது பாத்த கண்ணு, வளையல எண்ணுன கண்ணு, நீ அழுகும்போது பாத்த கண்ணு. அடுப்பில் கொட்டினாள். மிளகாய் வெடித்து, கருகி, சாம்பலாகி, ஒரு துளி நெடியும் எழவில்லை. போனில் ஒன்று என்றிருந்த இடத்தில் ஒன்றுமில்லை என்று ஆயிற்று, மாவு அமர்ந்தது. முத்துப்பேச்சி காலைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தபோது மணையில் ஆள் இல்லை.

“ரேணுகா, எங்க போயிட்ட?”

“இங்கதான இருக்கேன்” என்று மணையிலிருந்து குரல் வந்தது. மணை இருந்தது, ஈரத்தரை இருந்தது, போன் தரைக்கு ஒரு முழத்துக்கு மேலே தானாக நின்றது. ரேணுகா மட்டும் அவள் கண்ணுக்கு இல்லை.

மறுநாள் முத்துப்பேச்சியின் மாவு அண்டாவின் கழுத்தைத் தொட்டுப் பொங்கி நின்றது. ரேணுகா புது வீடியோ போட்டாள். அன்று அறுபத்தாறு பேர் பார்த்தார்கள், மறுநாள் இருநூறு பேர், அவள் மாவு ராத்திரி முழுக்க எடுத்துக்கொண்டு எல்லார் வீட்டு மாவையும்போலப் பொங்கியது. ஒரு மாதத்தில் தூக்குவாளிகள் முத்துப்பேச்சியிடம் முப்பத்தெட்டும் ரேணுகாவிடம் இருபத்தொன்பதுமாகப் பிரிந்து நின்றன. தெரு இதற்கும் பழகிற்று. முத்துப்பேச்சி கடைக்குப் போகும்போது, “பேச்சி, எதுத்தாப்புல ரேணுகா வர்றா, கொஞ்சம் ஒதுங்கு” என்று யாராவது சொல்வார்கள், அவளும் வெறும் தெருவுக்கு வழிவிட்டு நிற்பாள். கல்யாண வீட்டில் ரேணுகா உட்கார்ந்த பாயில் அவள் தெரியாமல் உட்கார்ந்துவிடாதபடி பெண்கள் கையைப் பிடித்து நகர்த்திவிடுவார்கள். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. ஆனால் பண்டிகைக்குப் பலகாரத் தட்டு ஒன்று சுவர்மேல் தானாக வந்து உட்காரும், முத்துப்பேச்சி வாங்கிக்கொள்வாள்.

மூடியைத் திறந்து மாவைப் பார்ப்பாள், மூடுவாள். வாசலுக்கு வந்தவர்கள், ‘நேத்து இட்லி பஞ்சுக்கா’ என்று சொல்லிப்போவார்கள். எல்லாம் முன்னைப்போலத்தான் இருந்தது. சுவர்ப்பக்கம் போக அவளுக்கு வேலை ஒன்றும் இல்லை, அங்கே அண்டா அசைவதையும் கரண்டி நடப்பதையும் தவிர அவள் பார்க்க ஒன்றும் இல்லை.

ஐப்பசியில் ஒருநாள் காலை, சுவருக்கு அந்தப் பக்கம் புதுச் சேலை சரசரக்கிற சத்தம் கேட்டது. முத்துப்பேச்சி கரண்டியை வைத்துவிட்டு, பல் தேய்த்துக்கொண்டிருந்த பால்ச்சாமியிடம் வந்தாள்.

“என்னங்க. சொவத்துக்கு அங்கிட்டுப் பாருங்க.”

“என்னத்தப் பாக்க?”

“அவ இன்னைக்கு என்ன சேல?”

பால்ச்சாமி எட்டிப்பார்த்தார். “பச்ச.”

“என்ன பச்ச?”

“பச்சன்னா பச்சதான்டி.”

“கிளிப் பச்சையா, பாசிப் பச்சையா, மயில் கழுத்தா?”

அவர் மறுபடி எட்டிப்பார்த்து, வாயில் நுரையோடு கொஞ்ச நேரம் யோசித்தார். “எனக்குத் தெரியல. நல்லாருக்கு” என்றார்.

முத்துப்பேச்சி சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒன்றும் இல்லாத அந்த இடத்தை, வெயில் ஏறி வாசலில் தூக்குவாளிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் வரை, பார்த்துக்கொண்டே நின்றாள்.